முப்பத்தாறு கிளிப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கஞ்சி படியேறும்போதே பெரியவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் காட்டாத மரியாதை.

"வந்துச்சா?"

"செருப்பைக் கழட்ட விடுவியா மாட்டியா?"

"வந்துச்சான்னு சொல்லும்மா. செருப்பை நானே கழட்டி விடறேன்."

உள்ளே சின்னவன் சைக்கிள் மணியை அடித்தான். கிணிங் கிணிங். மணி மட்டும்தான் வீட்டில் இருந்தது. சைக்கிள் இன்னும் கடையில் நின்றது.

கஞ்சி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. மருத்துவமனைகளும் விடுதிகளும் மூட்டை மூட்டையாக அனுப்பும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, மடித்து, கட்டுக் கட்டித் திருப்பி அனுப்பும் பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. முதலில் நின்ற இடம் துணிக்குக் கஞ்சி போடும் தொட்டி. அங்கிருந்து மடிப்பு மேசைக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பேர் மட்டும் பின்னாலேயே வந்துவிட்டது. யாருக்கும் கழுத்தை வளைக்காதவள் என்பதால் பொருந்தியும் போனது.

போன மாசம் வரைக்கும் அவள் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரியின் ஆள். கட்டுகளை எண்ணி வாரக் கடைசியில் கையில் காசு. ஒரு நாளும் தவறாமல் போனால் மாசத்துக்குப் பதினைந்தாயிரத்து ஐநூறு சேரும். போன மாசம் கம்பெனி மடிப்பு மேசைப் பெண்களில் சிலரை நிரந்தரமாக்கியது. அவளும் ஒருத்தி. கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்து பெரியவளிடம்தான் படிக்கக் கொடுத்தாள். மொத்தச் சம்பளம் பதினெட்டாயிரம் என்று படித்ததும் பெரியவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். லாரியோடு ஊர் ஊராகப் போகும் அப்பாவுக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னாள். அவன் சம்பாத்தியம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரியாய்ப் போய்விடும். மிச்ச வீடு முழுக்கக் கஞ்சியின் கையில்தான் ஓடியது.

பதினெட்டாயிரத்தில் பதினைந்தரை போனால் இரண்டாயிரத்து ஐநூறு. தெருக்கோடி சைக்கிள் கடையில் ஓரமாக நின்ற பழைய சைக்கிளுக்குக் கடைக்காரர் சொன்ன விலையும் அதே இரண்டாயிரத்து ஐநூறு. பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் சம்பளத்திலேயே சைக்கிள் என்று கஞ்சியும் வாயை விட்டுவிட்டாள். தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குத் தன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் சினேகிதியிடம், "திங்கட்கிழமையிலிருந்து எனக்காக நீ காத்திருக்க வேண்டாம்" என்று பெரியவள் சொல்லியும் விட்டாள். கொஞ்சம் மிதப்பாகவே சொல்லியிருக்கிறாள். போதாக்குறைக்கு, சேர்த்து வைத்த சில்லறையில் மணி ஒன்று வாங்கி வந்துவிட்டாள்.

கஞ்சி போனை எடுத்துக் கொடுத்தாள். வங்கிச் செய்தியைப் படித்த பெரியவளின் முகம் சுண்டிப்போனது.

"பதினாலாயிரம்தான் போட்டிருக்கு."

"தெரியும்."

"தப்பா போட்டுட்டாங்கம்மா. நாலாயிரம் குறையுது."

"தப்பு இல்லை. பிடித்தம்."

"யாரு பிடிச்சாங்க?" என்று சின்னவன் கேட்டான். அவனுக்குப் பிடிப்பது என்றால் ஓடுகிறவனைப் பிடிப்பது ஒன்றுதான் தெரியும்.

பெரியவள் போனைக் கட்டிலில் போட்டாள். "ஏமாத்திட்டாங்க. பழைய காசைவிடக் கம்மி. இதுக்கா லட்டர் குடுத்தாங்க? மேஸ்திரிகிட்டயே இருந்திருக்கலாம்."

மத்தியானம் சம்பளச் செய்தி வந்தபோது மடிப்பு மேசையில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், இதைவிட மோசமான வார்த்தைகளில். வாசலில் மேஸ்திரி காத்திருந்தான். ஆளுக்கு இவ்வளவு என்று கம்பெனியிடம் தரகு வாங்குகிறவன். ஆள் குறைந்தால் அவனுக்கு நஷ்டம். "நிரந்தரம் வேண்டாம்னு ஒரு கையெழுத்து. திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கையில காசு. பிடித்தம் கிடித்தம்னு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடணும். அதுக்கப்புறம் உங்க இடத்துக்கு வேற ஆளுங்க வந்துடுவாங்க" என்றான். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவளைக் கம்பெனி மறுபடி கூப்பிடாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

கஞ்சி கணக்குப் பிரிவு ஜன்னலில் போய் நின்று, சம்பளச் சீட்டை நீட்டி, ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அங்கிருந்த பையன் நல்ல மாதிரிதான். இரண்டு முறை சொன்னான். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பாதி புரிந்தது. மீதியைப் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். வீடு வந்து சேரும்போது கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான் பெரிசாக நின்றது. புரியாத நாலாயிரத்தைவிடப் புரிந்த ஆயிரத்து ஐநூறு மேல் அல்லவா.

ஆனால் பெரியவள் "ஏமாத்திட்டாங்க" என்று சொன்னது சுருக்கென்று குத்தியது. ஏமாற்றுகிறவர்களிடம் வாய் மூடி நிற்கிறவளா தன் அம்மா என்று நாளைக்கு அவள் நினைப்பாள். ஏமாந்தோமா இல்லையா என்று முதலில் தனக்கே தெரிய வேண்டும்.

"அந்தத் துணிக் கிளிப்பு டப்பாவை எடுத்துட்டு வா" என்றாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. துவைத்த துணி எல்லாம் அறைக்குள்ளேயே குறுக்குக் கயிற்றில் தொங்கியது. ஈரத் துணிக்கு நடுவே தரையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கஞ்சி ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து வரிசை வைத்தாள்.

"ஒரு கிளிப்பு ஐநூறு. பதினெட்டாயிரத்துக்கு எத்தனை?"

"முப்பத்தாறு" என்றாள் பெரியவள், வேண்டா வெறுப்பாக.

டப்பாவில் முப்பத்தைந்துதான் இருந்தது. சின்னவன் எழுந்து கயிற்றிலிருந்து ஒன்றை உருவினான். அவனுடைய அரைக்கால் சட்டை பொத்தென்று பெரியவளின் தலையில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. கஞ்சிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இது மொத்தமும் நான் வேலை செஞ்சதுக்கு. சரியா? இப்ப பாரு." ஒரு கிளிப்பைத் தள்ளி வைத்தாள். "இது சட்டையும் பூட்ஸும். தரை முழுக்க வெந்நீர் ஓடுற இடம். கம்பெனி குடுத்துட்டு, நாலு மாசத்துக்குப் பிரிச்சுப் பிடிக்கறாங்க. அப்புறம் பிடிக்க மாட்டாங்க."

"உன்கிட்டதான் செருப்பு இருக்கே."

"அந்தச் செருப்போட ரெண்டு தடவை வழுக்கி விழுந்திருக்கேன். உங்கிட்ட சொன்னதில்லை." இன்னொன்றைத் தள்ளினாள். "இது பஸ்ஸுக்கு. கம்பெனி பஸ். காலைல தெருமுனையில ஏத்திக்கிட்டுச் சாயங்காலம் இறக்கி விடறான்."

"அதை வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அப்ப சொல்லிடேன். முன்னாடி நடந்துதானே போன?"

"நடந்தேன். நாள் பூரா நின்ன காலோட நடந்தேன். இனிமே நடக்க மாட்டேன். அந்தக் கிளிப்பை யாருக்கும் தர்றதா இல்லை."

கஞ்சி அடுத்ததை நகர்த்தினாள்.

"இது அரசாங்கத்துக்கு."

"அவங்களுக்கு எதுக்கு?" என்றான் சின்னவன். இதற்குள் இரண்டு காதிலும் ஒவ்வொரு கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க ஸ்கூல் டீச்சருக்கு யாரு சம்பளம் தர்றாங்க? ரோடு யாரு போடறாங்க?"

"கணக்கு டீச்சருக்கும் நீதான் காசு தர்றியா?"

"கொஞ்சம்."

"அவங்களுக்கு மட்டும் நிறுத்திடும்மா."

"காதுல இருக்கிறதைக் கழட்டி வை. அது ஆயிரம். வலிக்கலையா உனக்கு?"

அடுத்தது மருத்துவத்துக்கு. உடம்பு சரியில்லாமல் படுத்தாலோ அடிபட்டாலோ ஆஸ்பத்திரிச் செலவும், வேலைக்குப் போகாத நாளுக்கு ஒரு பங்குச் சம்பளமும் வரும் என்று ஜன்னல் பையன் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லும்போதே பெரியவள் குறுக்கே விழுந்தாள்.

"காது குத்தாதம்மா. போன மழைக்கு உன் கை இஸ்திரி ரோலர்ல பட்டுச் சுட்டுச்சே, அப்ப நீ மேஸ்திரி ஆளு. ஒரு பிடித்தமும் இல்லை. படுத்திருந்த நாளைக்கெல்லாம் முழுக்கூலி வந்துச்சே. நெட்டை அத்தைதானே கவர்ல கொண்டுவந்து குடுத்தாங்க?"

நெட்டை என்பது கஞ்சியின் ஜோடி. விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, விலகி, நெருங்கி, மறுபடி விலகி மடிக்க வேண்டும். அதனால் மேசையில் எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு.

"ஆமா, வந்துச்சு" என்றாள் கஞ்சி. "எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

"எப்படி?"

"பேர்ல மடிச்சாங்க. மேஸ்திரி எண்றது கட்டைத்தான், ஆளை இல்லை. நான் வராத நாளுக்கு என் பேர்ல கட்டு இருந்தா எனக்குக் கூலி. மத்தவங்க எல்லாரும் அவங்க அவங்க கட்டை முடிச்சுட்டு, இருந்து, ஆளுக்குக் கொஞ்சம் என் பேர்ல மடிச்சுப் போட்டாங்க. எங்க மேசையில அதுதான் வழக்கம். யார் படுத்தாலும் அப்படித்தான்."

"சும்மாவா?"

"பின்ன? காசு வாங்கிட்டா மடிப்பாங்க? மாசத்துக்கு ஒருத்தி படுப்பா. ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். நானும் எத்தனையோ பேர் பேர்ல மடிச்சிருக்கேன்."

சின்னவன் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "அதான் நீ லேட்டா வருவியா?"

"எப்ப?"

"முன்னாடி. இருட்டினப்புறம் வருவியே. நானும் அக்காவும் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருப்போமே. அக்கா பேய்க்கதை சொல்லி அழ வைப்பா."

கஞ்சியின் கை கிளிப்பின் மேலேயே நின்றது. அவள் அதை அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது உதவி, கேட்டால் செய்வது, கேட்காமலும் செய்வது. அதற்கு ஒரு விலை உண்டு என்றோ, அந்த விலையில் பாதியை வீட்டில் பூட்டிய கதவுக்குள் இரண்டு பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றோ நினைத்ததில்லை. பிடித்தம் இல்லாத கூலி என்று மேஸ்திரி சொன்னது பொய். அவன் சீட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"ஆமாண்டா" என்றாள். "அதுக்குத்தான் லேட்டு."

"அப்ப இப்ப லேட்டா வர மாட்டியா?"

"இந்த மாசம் எத்தனை நாள் லேட்டா வந்தேன்?"

அவன் யோசித்தான். விரலை மடக்கப் பார்த்து, மடக்குவதற்கு எதுவும் இல்லாமல் விட்டுவிட்டான்.

பெரியவள் மட்டும் விடுவதாக இல்லை. "சரி, இது நாலு. இன்னும் நாலு கிளிப்பு எங்க?"

கடைசி நாலையும் கஞ்சி ஒன்றாகவே எடுத்தாள். ஜன்னல் பையன் இதைச் சொன்னபோதுதான் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சேமநிதி என்றான். உங்க பணம்தான் என்றான். என் பணம் என்றால் என் கையில் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்க நினைத்து, பின்னால் வரிசை நின்றதால் வந்துவிட்டாள்.

"இது வயசானப்புறம் தருவாங்க. நாம நாலு போட்டா, கம்பெனியும் தன் காசுல நாலு போடணுமாம். எட்டா சேரும்."

"வயசானப்புறமா?" பெரியவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அதுக்குள்ள நான் ஸ்கூலே முடிச்சிருப்பேன். வயசானப்புறம் சைக்கிள் வாங்கி நீயா ஓட்டப் போற?"

"ஓட்டினா என்னடி?"

"விளையாடாதம்மா. அவளை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மணிகூட வாங்கிட்டேன். நீ மேஸ்திரிகிட்டயே திரும்பிப் போயிடு. மூணு கிளிப்பு கூட வரும். ரெண்டு மாசத்துல சைக்கிள் வந்துடும். வயசானா நான் சம்பாதிச்சுத் தரமாட்டேனா?"

அது நியாயமாகத்தான் பட்டது. கஞ்சி நாலு கிளிப்பையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"சோப்பு அக்காவை ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. சலவைக்கூடத்தில் சோப்புத் தூள் கரைக்கும் இடத்தில் இருந்தவள். வீட்டுக்கு வந்தால் சின்னவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்புறம் மடிப்பு மேசைக்கு வந்தாள். முழங்கால் இரண்டும் போனது.

"அவங்க பேர்லயும் மடிச்சோம். வராத நாளுக்கெல்லாம் மடிச்சோம். நெட்டை, நான், எல்லாரும். வாரக்கணக்கா மடிச்சோம். ஒரு நாள் மேஸ்திரி வந்து, இந்தக் கால் இனிமே சரியாகாதுன்னு சொல்லிப் பேரையே வெட்டிட்டான். அதுக்கப்புறம் யார் பேர்ல மடிக்கிறது?"

"இப்ப என்ன பண்றாங்க?" என்றாள் பெரியவள்.

"ஒரு வீட்டுல பாத்திரம் தேய்க்கறாங்க. உட்கார்ந்து தேய்க்க ஸ்டூல் குடுத்திருக்காங்களாம். நல்லவங்கன்னு சொன்னாங்க." கஞ்சி நாலு கிளிப்பையும் தரையில் வைத்தாள். "அவங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு. தரமாட்டேன்னு சொல்ற பொண்ணு இல்லை. அதுக்கே பத்தலை. காய்ச்சலுக்குப் பேர்ல மடிக்கலாம். கை சுட்டா மடிக்கலாம். வயசுக்கு யாரும் மடிக்க முடியாதுடி."

இதைச் சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே முழுசாகப் புரிந்தது. ஜன்னல் பையன் இரண்டு முறை சொல்லியும் ஏறாதது இப்போது ஏறிவிட்டது.

பெரியவள் மிச்சத்தை எண்ணினாள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள், கூடிவிடுமோ என்று. கூடவில்லை. சட்டை பூட்ஸுக்கான ஒற்றைக் கிளிப்பை மட்டும் எடுத்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசம் கழிச்சு இது திரும்பி வரும்தானே? அப்புறம் மாசா மாசம் இது எனக்கு."

"அஞ்சு மாசம் போட்டாத்தான் சைக்கிள்."

"எனக்குக் கணக்கு தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று கஞ்சி எதிர்பார்க்கவும் இல்லை. சைக்கிள் என்று வாக்குக் கொடுத்தவள் கஞ்சிதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது மேஸ்திரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் தாள்கள், காதில் பேனா.

"என்ன கஞ்சி, வீட்டுல கலந்து பேசிட்டியா?"

"பேசிட்டேன்."

"கையெழுத்தா, ரேகையா?"

"ரெண்டும் இல்லை. நான் இந்தப் பக்கமே இருந்துக்கறேன்."

"மூணு பிள்ளைச் சோத்தைக் கம்பெனிக்காரன் பிடிச்சு வச்சுக்கறான், அவன் பக்கம் இருக்கேங்கற."

"எனக்கு ரெண்டு பிள்ளைதான். சோப்பு அக்கா பேரை வெட்டினது நீங்கதானே?"

"வராத ஆளுக்கு எத்தனை நாள்தான் நான் கண்ணை மூடிக்கறது? நானா இருந்ததால அவ்வளவு நாள் மூடிக்கிட்டேன்." அதில் பொய் இல்லை. அவன் கெட்டவன் என்று அவள் என்றைக்கும் நினைத்ததில்லை. அவனுக்குக் கட்டு வேண்டும், கட்டுக் கட்டும் கை வேண்டும்.

"அதைத்தான் நானும் சொல்றேன், மேஸ்திரி" என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

அடுத்த ஆள் நெட்டை.

நெட்டை கஞ்சியைப் பார்க்காமலேயே தாளை வாங்கினாள். "எனக்கு இந்த மாசம்தாண்டி மாசம்" என்றாள். "வயசைப் பத்தி யோசிக்க நேரமில்லை. வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர், மருந்து வாராவாரம். உனக்கே தெரியும்."

"தெரியும்."

"திட்டேன், கேட்டுக்கறேன்."

"எதுக்குத் திட்டறது? உன் கை, உன் காசு."

மேஸ்திரியின் ஆட்கள் பழைய கூடத்தில் மடிப்பார்கள், கம்பெனி ஆட்கள் புதுக் கூடத்தில். எத்தனையோ வருஷம் ஒரே விரிப்பின் இரண்டு பக்கமும் நின்றவர்கள். நெட்டையின் உயரத்துக்குக் கையைத் தூக்கித் தூக்கியே கஞ்சிக்குத் தோள் அகன்றுவிட்டது என்று மேசையில் கேலி பேசுவார்கள். நெட்டை கையெழுத்தைப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"புது ஜோடி குள்ளச்சியா வந்தா அழாதே" என்றாள்.

"வந்தா குனிஞ்சுக்கறேன்."

"நீயா? கஞ்சியா? குனிவியா?" என்று நெட்டை சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. தெருமுனை வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்தார்கள், பஸ் காத்திருந்தும்.

திங்கட்கிழமை காலை கஞ்சி கிளம்பும்போது பெரியவள் பைக்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். எப்படிப் போகப்போகிறாய் என்று கஞ்சி கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். நேற்று சாயங்காலம் அவள் சினேகிதி வீட்டுப் பக்கம் போனதும், வெகு நேரம் கழித்து வந்ததும், வந்ததும் கணக்குப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்ததும் தெரியும்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நெட்டை உட்காரும் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பழக்கத்தில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டவள், அப்புறம் காலி இடத்தில் வைத்தாள். புது பூட்ஸ் குதிகாலில் கடித்தது. கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். இதற்கு ஒரு கிளிப்பு கொடுத்திருக்கிறாள், நீட்டினால் என்ன.

மேட்டு ரோட்டில் பஸ் மெதுவானது. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சைக்கிளை மிதிக்கிற பெண் எழுந்து நின்று மூச்சு வாங்க மிதித்தாள். பின்னால் பெரியவள். ஒரு காலைத் தரையில் உந்தி உந்தி மேட்டுக்கு உதவிக்கொண்டிருந்தாள். சினேகிதி திரும்பி ஏதோ சொன்னாள், கேலியாகத்தான் இருக்க வேண்டும். பெரியவள் அவள் முதுகில் ஒரு குத்து விட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ் பக்கத்தில் வந்ததும் டிரைவர் ஹாரன் அடித்தார். சைக்கிள் கூட்டம் ஒதுங்கவில்லை. பெரியவள் பைக்குள் கையை விட்டு மணியை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். கிணிங் கிணிங் கிணிங் என்று விடாமல் அடித்தாள். முன்னால் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, வழி விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பஸ் ஜன்னலில் அம்மாவைப் பார்த்தாள். மணியை இறக்கவில்லை. இன்னும் ஒரு தடவை அடித்தாள்.